எனக்கு இருபது பல், அவருக்குப் பதினாறு

கல்யாணமாகி மூன்றாவது வாரம்தான் எனக்கு உறைத்தது, என் கணவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது என்று.

நான் தேனி பஜாரில் சைக்கிள் சாமான் கடை வைத்திருப்பவரின் மகள். தவழ்கிற வயசில் கிலுகிலுப்பைக்குப் பதிலாகச் சைக்கிள் பெல்லைக் கொடுத்து உட்கார வைத்திருப்பார்களாம். மதுரையில் பி.எஸ்ஸி.யும் பி.எட்டும் முடித்து, சின்னமனூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் அறிவியல் டீச்சராகச் சேர்ந்த சூட்டோடு வரன் வந்தது. பெண் பார்க்க வந்தவரிடம் அப்பா எல்லாம் கேட்டார். சம்பளம் கேட்டார், எந்தச் சபை என்று கேட்டார், வயிற்றுப்புண் உண்டா என்றுகூடக் கேட்டார். சைக்கிள் தெரியுமா என்று கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஓர் ஆம்பளையிடம் யார் அதைக் கேட்பார்கள்? சோறு சாப்பிடத் தெரியுமா என்று கேட்கிற மாதிரி இருக்கும்.

ஆனால் வந்தவர் மேகமலைக்காரர். அவருடைய அப்பா அங்கே தேயிலை எஸ்டேட் ஆபீசில் கிளார்க்காக இருந்து காலமானவர். இவர் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் மேடும் இறக்கமுமான இடம். சமமாக நாலு முழம் கிடைத்தால் அதில் தொழிலாளிகளுக்கு வரிசையாக லைன் வீடு கட்டிவிடுவார்கள். சைக்கிளை எங்கே வைத்து ஓட்டுவது? சின்னமனூரில் அரசாங்க ஆபீஸ் ஒன்றில் வேலை கிடைத்து, அம்மாவையும் கூட்டிக்கொண்டு மலையை விட்டு இறங்கி வந்து அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

இது தெரியாமல் அப்பா கல்யாணத்துக்கு ஒரு புதுச் சைக்கிள் கொடுத்தார். இருபத்து நாலு அங்குலம், கறுப்பு. கடை ஆள்களை நம்பாமல் தன் கையாலேயே கம்பிகளை முறுக்கிக் கோட்டம் எடுத்தது. மாப்பிள்ளை அதைத் தினமும் ஆபீசுக்குக் கொண்டுபோனார். தள்ளிக்கொண்டுதான். முதல் வாரம் காற்று இல்லை என்றார். அடுத்த வாரம் செயின் தொங்குகிறது என்றார். அதற்கடுத்த வாரம், "புது வண்டி, கொஞ்சம் பழகட்டும்" என்றார். யாருக்கு யார் பழகுவது என்று நானும் கேட்டுக்கொள்ளவில்லை. புதுப்பெண்ணல்லவா.

ஒரு சனிக்கிழமை சைக்கிளைத் துடைக்க உட்கார்ந்தேன். பெடல் ரப்பர் இரண்டும் கடையிலிருந்து வந்த மினுமினுப்போடு அப்படியே இருந்தன. ஒரு பொட்டு மண் இல்லை.

"ஏங்க, இந்தப் பெடல்ல ஒங்க காலு பட்டதே இல்லையா?"

அவர் பேப்பரை மடித்தார். பிரித்தார். மறுபடியும் மடித்தார். பதில் அடுப்பங்கரையிலிருந்து வந்தது, அத்தையிடமிருந்து.

"பட்டாத்தான? அவனுக்கு அது வராது ஆத்தா. சொல்லித் தொலைடான்னு நானும் மூணு வாரமாச் சொல்றேன்."

"நீங்களாச்சும் கல்யாணத்துக்கு முந்திச் சொல்லியிருக்கலாம்ல, அத்தை?"

"எப்படிச் சொல்ல? ஒங்கப்பாரு அந்தச் சைக்கிளத் தொடைச்சுத் தொடைச்சு நிறுத்தியிருந்தாக. பிள்ளையப் பள்ளிக்கொடத்துல விடுற மாதிரி நின்னாக. அந்த மூஞ்சியப் பாத்துட்டு எனக்கு வாய் வரல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது, ஆனால் பேப்பருக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

அவரிடம் எனக்கு இருந்த குறை சைக்கிள் இல்லை. அவர் பேசமாட்டார். இரண்டு அறை வீடு, இந்த அறையில் பெருமூச்சு விட்டால் அந்த அறையில் அத்தை "என்ன?" என்பார். அதில் அவர் நாள் பூராவும் பேசுவது "ம்", "வேணாம்", "போதும்". நானோ வாயை மூடினால் மூச்சு முட்டுகிற ரகம். இவரை எப்படியாவது வெளியே இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்று இருந்தது. அன்று சாயங்காலம் என்னுடைய பழைய லேடீஸ் சைக்கிளை எடுத்தேன், கல்லூரிக் காலத்திலிருந்து என்னிடம் இருப்பது. இருவரும் ஊர்க்கோடி வரை நடந்தோம். கடைசி வீடும் தாண்டி, மார்க்கையன்கோட்டை ரோட்டிலிருந்து வாய்க்கால் கரை பிரிகிற இடம் வந்ததும் சீட்டில் உட்கார்ந்து, "ஏறுங்க" என்றேன்.

"எங்க?"

"கேரியர்ல."

அவர் முன்னே பார்த்தார், பின்னே பார்த்தார், வயலில் ஓர் ஆள் குனிந்திருப்பதைப் பார்த்தார். அந்த ஆள் நிமிர்வதற்குள் சட்டென்று ஏறி உட்கார்ந்துவிட்டார். ஹேண்டில் ஒரு ஆட்டம் ஆடி நின்றது.

அது ஆனிக் கடைசி. கூடலூர்ப் பக்கமிருந்து பள்ளத்தாக்கு முழுக்கக் காற்று இறங்கி அடிக்கிற மாதம். காற்றை எதிர்த்துப் போகும்போது நான் பேசுவது அவருக்குப் போய்ச் சேரும். அவர் பேசுவது எனக்கு வராது, பின்னால் பறந்துவிடும். திரும்பும்போது தலைகீழ். ஆகவே தானாக ஒரு முறை ஏற்பட்டுப் போனது. போகும்போது என் பேச்சு; வரும்போது அவர் பேச்சு. ஆமாம், அவர் பேசினார். என் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததுமே அவருக்கு வாய் திறந்துகொண்டது. மூடுபனியில் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு போவதைச் சொன்னார். முதன்முதலில் சின்னமனூருக்கு வந்தபோது வெயிலில் தூங்க முடியாமல் ஆபீஸ் மேஜைக்கு அடியில் படுத்ததைச் சொன்னார். அவர் குரல் என் தோளுக்குப் பின்னால் வந்துகொண்டே இருக்கும். நான் திரும்பாமல் மிதிப்பேன். திரும்பினால் நின்றுவிடுமோ என்று பயம்.

ரோட்டோர டீக்கடையில் ஒரு தடவை பிடிபட்டோம். இறங்க நேரமில்லை.

"டீச்சரம்மா! லோடு சாஸ்தியா இருக்கே, டயர் தாங்குமா?" என்று ஒருவர் பெஞ்சிலிருந்து குரல் கொடுத்தார்.

"தாங்கும்ணே. எங்கப்பா கடை டயரு," என்று சொல்லிவிட்டு அழுத்தினேன். பின்னால் அவர் குலுங்கிச் சிரிப்பது சைக்கிளிலேயே தெரிந்தது.

ஆடி பாதியில், இப்படித் திரும்பி வரும்போதுதான் அதைச் சொன்னார்.

"எஸ்டேட்ல கூப்பிடுறாக."

"எதுக்கு?"

"அப்பா பாத்த வேலைக்கு. குவார்ட்டர்ஸ் உண்டு. அம்மாவுக்கும் அங்கன போகணும்னுதான் இருக்கு. இங்கன வெக்கை ஒத்துக்கல. கிறிஸ்மஸுக்குள்ள வாரேன், வரலன்னு ஒண்ணு சொல்லணும்." என் தோள் பக்கம் எட்டிச் சாய்ந்தார். "நீ என்ன சொல்ற?"

அவர் மேலே போனால் நானும் போக வேண்டும். அங்கே இருப்பது அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் உள்ள எஸ்டேட் பள்ளிக்கூடம். நான் படித்த படிப்புக்கு அங்கே வேலை கிடையாது. போகாவிட்டால் அவர் அங்கே, நான் இங்கே, சந்தை நாளுக்கு எஸ்டேட் ஜீப் இறங்கினால் பார்த்துக்கொள்ளலாம். இரண்டையும் நான் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை. என் முகம் அவருக்குத் தெரியாது என்பது அப்போது வசதியாக இருந்தது.

"நீங்க மொதல்ல சைக்கிள் கத்துக்கங்க," என்றேன்.

அவருக்குப் புரிந்திருக்காது. எனக்குள் கணக்கு வேறு. ஒரு வருஷமாக இந்த ஊரில் இவர் நடந்தே திரிகிறார். ஆபீஸ், வீடு, சபை, அவ்வளவுதான் இவருக்குச் சின்னமனூர். ஆற்றங்கரை தெரியாது, திராட்சைத் தோட்டம் தெரியாது, வாழைக்குள் புகுந்து போகிற குறுக்குப் பாதை தெரியாது. பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஆள் மாதிரியே இருக்கிறார். ஒரு சைக்கிளில் ஏற்றி விட்டால் ஊர் இவருக்குப் பிடித்துப் போகும். பிறகு மலைக்கு ஏன் போகிறார்? எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. எதையும் ஸ்பேனரால் சரி செய்துவிடலாம் என்கிற நம்பிக்கை இருந்தது.

அந்த ஞாயிறே கறுப்புச் சைக்கிளைப் பஸ் மேல் ஏற்றித் தேனிக்குக் கொண்டுபோனேன். விஷயத்தைச் சொன்னதும் அப்பா கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார்.

"மாப்ளைக்குச் சைக்கிள் தெரியாதா?"

"தெரியாதுப்பா."

"கொஞ்சங்கூடவா?"

"கொஞ்சங்கூட எப்படிப்பா தெரியும்? ஒண்ணு தெரியணும், இல்ல விழணும்."

"சபையில யாருட்டயும் சொல்லிராத, ஆத்தா," என்றார் அப்பா, குரலைத் தாழ்த்தி. கடையில் எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை.

இருபத்து நாலை எடுத்துக்கொண்டு இருபத்து ரெண்டு அங்குலம் ஒன்றைக் கொடுத்தார். அது இவருக்குக் கால் ஊன்ற எட்டும். பின்சக்கரத்தில் செயின் ஓடுகிற பல்சக்கரம் இருக்கிறதே, பிரீவீல், அதில் இருபது பல் உள்ளதாகப் பார்த்து மாட்டச் சொன்னது நான். பல் கூடினால் மிதிக்க லேசு. ஆனால் ஒரு சுற்றுக்குப் போகிற தூரம் குறையும். என்னுடையதில் பதினாறு. காலேஜில் படிக்கும்போது வேகத்துக்காக அடம்பிடித்துப் போட்டது. புதிதாகப் பழகுகிறவருக்கு லேசாக இருக்கட்டும், எனக்கென்ன, நான் பறப்பேன் என்று நினைத்தேன்.

அதோடு விட்டேனா? முன்னால் ஒரு கூடை. வலதுபக்கம் கண்ணாடி, பின்னால் வருகிற லாரி தெரிய. கையில் வழுக்காத ரப்பர்ப் பிடி. சீட்டுக்கு மெத்தை உறை, குஞ்சம் வைத்தது. முன் மட்கார்டுக்கு ஒரு சிவப்பு மண்தடுப்பு. வீட்டுக்கு வந்ததும் அத்தை சுற்றி வந்து பார்த்தார்.

"என்ன ஆத்தா இது, சப்பரம் மாதிரிச் சோடிச்சு வச்சிருக்க? எம்மகன் ஓட்டவா, ஊரு கூடி இழுக்கவா?"

சீட்டைக் கடைசி வரை இறக்கி வைத்து, வாய்க்கால் கரையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடுகிற டீச்சரைப் பார்க்க நாற்று நடுகிறவர்கள் நிமிர்ந்து நின்றார்கள். விழுந்தார்; எழுந்தார். "டீச்சர், பிடிச்சிருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே போவார். பிடிக்காமலே "பிடிச்சிருக்கேன்" என்பேன். பத்து நாளில் ஓட்ட வந்துவிட்டது.

ஆனால் மலைக்காரர் ஓட்டுவது வேறு மாதிரி. அவர் வளர்ந்த இடத்தில் சக்கரம் என்றாலே பிரேக் பிடிக்காமல் வளைவில் போன லாரிக் கதைதான். இறக்கத்தில் எந்த வண்டியையும் நம்பாதே என்று பால்குடி மறக்கும்போதே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள் போல. எங்கள் வாய்க்கால் கரையில் இறக்கமே கிடையாது. இருந்தாலும் பிரேக்கை இரண்டு விரலால் எப்போதும் பிடித்தே இருப்பார். பிரேக் கட்டை தேய்ந்துகொண்டே வந்தது. மதகுப் பாலம் வந்தால் இறங்கித் தள்ளுவார்.

"ஏங்க, இது மூணடி உசரம்."

"மூணடின்னாலும் எறக்கம் எறக்கந்தான்."

சீட் விஷயத்தில் நானும் விடவில்லை. அவ்வளவு தாழ உட்கார்ந்து மிதித்தால் முழங்கால் வயிற்றில் இடிக்கும். உயர்த்துகிறேன் என்றால் "கால் தரையில எட்டணும்" என்பார். ஆகவே சொல்லாமல், வாரத்துக்கு ஒரு விரற்கடை ஏற்றிக்கொண்டே வந்தேன். ஐந்தாவது விரற்கடையில், சாப்பிடும்போது, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"நானும் பாத்துக்கிட்டே வாரேன். ஒண்ணு நான் குட்டையாகுறேன், இல்லாட்டிச் சைக்கிள் வளருது."

அத்தைக்குப் புரையேறிவிட்டது.

இப்படி எல்லாம் சரியாகிக்கொண்டு வந்தது, ஒன்றைத் தவிர. அவர் பேசுவது நின்றுபோனது.

இருவரும் தனித்தனிச் சைக்கிளில் போகிறோம் அல்லவா. நான் நாலு மிதி மிதித்தால் வாழைத்தோப்பு போய்விடும். திரும்பிப் பார்த்தால் அவர் எங்கோ வருவார், தையல் மிஷினை மிதிக்கிறவர் மாதிரி காலைச் சடசடவென்று சுற்றிக்கொண்டு, வியர்த்து, கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல். நான் ஒரு புங்கமரத்தடியில் காலூன்றி நிற்பேன். அவர் வந்து சேர்ந்ததும், "போலாமா?" என்பேன். "ம்" என்பார். மறுபடியும் நான் முன்னால், அவர் பின்னால். மெதுவாகப் போக நானும் முயன்று பார்த்தேன். என் சைக்கிளின் பதினாறு பல்லில் அவ்வளவு மெதுவாகப் போனால் ஹேண்டில் ஆடுகிறது. அவருக்கோ என் பக்கத்தில் வருவதற்குள் மூச்சு போய்விடுகிறது, பேச மிச்சமில்லை. கேரியரில் உட்கார்ந்து ஆடி முழுக்கப் பேசியவர், புரட்டாசியில் ஒரு சொல் பேசவில்லை. இன்னும் கொஞ்சம் ஆயில் விட்டேன், செயினை இறுக்கினேன், கண்ணாடியைத் திருப்பி வைத்தேன். கிறிஸ்மஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. மலைக்குப் போவதைப் பற்றி என்ன முடிவென்று கேட்க எனக்குத் துணிவில்லை. சொல்ல அவருக்கு மூச்சில்லை.

சந்தை நாளில் எஸ்டேட் ஜீப் வந்தால் டிரைவர் வீட்டு வாசலில் நிறுத்தி, "என்ன சார், எப்ப சாமான் ஏத்துறது?" என்று கேட்டுவிட்டுப் போவார். "சொல்லுவான், சொல்லுவான்," என்பார் அத்தை, என்னைப் பார்க்காமல்.

கார்த்திகையில், மழை இரண்டு நாள் வெறித்ததும், அவர் தம் அப்பாவின் கல்லறைக்கு வெள்ளையடிக்கப் புறப்பட்டார். வருஷா வருஷம் போவது. நானும் கூடப் போனேன், அதே ஜீப்பில். பாதி மலையில் மண் சரிந்து ரோட்டை அடைத்திருந்தது. ஜீப் நின்றுவிட்டது. மிச்சத்தை நடக்க வேண்டியதாயிற்று.

என் சுபாவப்படி விறுவிறுவென்று முன்னால் ஏறினேன். முதல் வளைவில் ஜெயித்தேன். இரண்டாவது வளைவில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது வளைவில் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் வந்துகொண்டிருந்தார். கையில் சுண்ணாம்பு வாளி. அவசரமே இல்லாமல், ஒவ்வொரு எட்டையும் நீளமாக எடுத்து வைத்து, முழு உடம்பையும் அதன்மேல் சாய்த்து, பிறகு அடுத்த எட்டு. மேட்டுக்கும் அதே எட்டு, சமத்துக்கும் அதே எட்டு. என்னைத் தாண்டும்போதுகூட வேகம் கூடவில்லை, குறையவில்லை. நான் எழுந்து அவர் நடைக்கு என் நடையை வைத்துப் பார்த்தேன். அப்போதுதான் கவனித்தேன், அவர் பேசிக்கொண்டிருந்தார். இந்த மரத்தில்தான் மலை அணில் இருக்கும் என்றார். இந்த இடத்தில் அப்பா நின்று ஒரு பீடி பற்றவைப்பார், அம்மாவுக்குத் தெரியாது என்றார். மேடு பூராவும் ஏறினோம். ஓர் இடத்திலும் அவர் பேச்சு நிற்கவில்லை.

என் மரமண்டைக்கு அங்கே உறைத்தது. இந்தக் கால்களுக்குப் போய் இருபது பல்லைப் போட்டுச் சடசடவென்று சுற்ற வைத்திருக்கிறேனே! இவருக்கு வேண்டியது கனமான மிதி, நிதானமான மிதி. ஒரு மிதிக்கு நீளமாகப் போக வேண்டும். என்னுடைய பதினாறு பல் இவருக்கு உரியது. படபடவென்று மிதிக்கிற எனக்குத்தான் அந்த இருபது.

மேலே போனதும் இன்னொன்றும் தெரிந்தது. லைன் வீடுகள் தோறும் அவரைக் கூப்பிட்டார்கள். "ஏலே, கிளார்க்கு மகனா! எளைச்சுட்டியேடா!" என்று ஒரு கிழவர் அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். கீழே "ம்" என்கிறவர் அங்கே வாசலுக்கு வாசல் நின்று சிரித்தார். தேயிலைச் சரிவுக்கு மேல் இருந்த சின்னக் கல்லறைத் தோட்டத்தில் அவர் குந்தி உட்கார்ந்து வெள்ளையடித்தார். நான் புல்லைப் பிடுங்கிக்கொண்டே நினைத்தேன், இவர் இங்கேதான் வருவார். வரட்டும். இதைச் சைக்கிளால் தடுக்க முடியாது. போகிறவரைக்குமாவது பேசிக்கொண்டு போகலாம் இல்லையா?

திரும்பி வந்த முதல் சனிக்கிழமை, அப்பா பிரீவீல் கழற்றுகிற சாமானோடு வந்து இறங்கினார். முற்றத்தில் இரண்டு சைக்கிளையும் கவிழ்த்துப் போட்டோம்.

"மாப்ளைக்குப் பதினாறு பல்லா? புதுசா ஓட்டுறவுகளுக்கு முட்டி கழண்டு போயிரும், ஆத்தா."

"அது மலை முட்டிப்பா. கழறாது."

"ஒனக்கு இருபதா? நீ காலேஜுக்குப் போகையில பதினாறுதான் வேணும்னு தரையில உருண்டவ."

"அப்ப தனியாப் போனேன்."

அப்பா என் சக்கரத்தைத் தொடை இடுக்கில் வைத்து ஒரு முக்கு முக்கினார், பிரீவீல் கழன்றது. அதை மாற்றி இதற்கும், இதை மாற்றி அதற்கும். பெரிய பல் வந்ததில் என் செயின் எட்டவில்லை, ஒரு கண்ணி சேர்த்தோம். அவர் செயினில் ஒரு கண்ணி எடுத்தோம். கூடையைக் கழற்றினேன். கண்ணாடியைக் கழற்றினேன், பக்கத்திலேயே வரப்போகிற ஆளைப் பார்க்கக் கண்ணாடி எதற்கு. குஞ்சம் வைத்த மெத்தையை அத்தை கேட்டு வாங்கி முக்காலியில் போட்டுக்கொண்டார். கடைசியாக, அவரையே கூப்பிட்டுச் சீட்டில் உட்கார வைத்து, சுவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, பெடல் கீழே வரும்போது குதிகால் படுகிற உயரத்துக்கு ஏற்றி நட்டை இறுக்கினேன். இந்தத் தடவை திருட்டுத்தனமாக இல்லை. அவர் கீழே என் தலையைப் பார்த்துக்கொண்டு, "மீதி வளர்ச்சி இன்னைக்கே முடிஞ்சிருமா, டீச்சர்?" என்றார்.

மறுநாள் சபை முடிந்து, சாயங்காலம் கிளம்பினோம். முதல் பத்து மிதியில் என் கால் தெருநாய் மாதிரி ஓடியது, சைக்கிள் நகரவே இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. திரும்பிப் பார்க்கத் தலையைத் திருப்பினேன். அவர் பின்னால் இல்லை. பக்கத்தில் இருந்தார். மேட்டில் ஏறுகிற அதே எட்டு, இப்போது பெடலில். ஒரு பக்கம் அழுத்தி, உடம்பைச் சாய்த்து, பிறகு மறுபக்கம். வியர்வை இல்லை. நான் ஐந்து மிதிக்க அவர் நாலு மிதித்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முன்சக்கரமும் ஒரே கோட்டில் போயின. வாய்க்காலில் தண்ணீர் குறைந்திருந்தது. கதிர் பால் பிடித்து நின்றது. காற்றே இல்லாத மாதம். யார் பேசினாலும் இருவருக்கும் கேட்கும்.

வாழைத்தோப்பு தாண்டியதும் அவர் ஆரம்பித்தார்.

"இதுக்கு ஒரு டைனமோ வாங்கிப் போடணும்."

அவர் சைக்கிளுக்கென்று வாயைத் திறந்து கேட்ட முதல் சாமான் அது. கண்டதையெல்லாம் மாட்டிய நான் டைனமோ மட்டும் மாட்டியிருக்கவில்லை. டயரை உரசி ஓடும், பழகுகிறவருக்குக் கனக்கும் என்று விட்டிருந்தேன்.

"டைனமோ எதுக்கு இப்ப?"

"பொழுது வெரசா அடையுதுல்ல. ஆபீஸ் விட்டு வந்து கெளம்புனா மதகு போறதுக்குள்ள இருட்டிருது. லைட்டு இருந்தா அந்தாண்ட ஆத்தங்கரை வரைக்கும் போயிட்டு வரலாம்."

"கிறிஸ்மஸுக்கு இன்னும் பத்து நாள்கூட இல்ல. பத்து நாளைக்கு லைட்டு எதுக்கு?" என்றேன், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

"பத்து நாளைக்கா?" என்று கேட்டு என் பக்கம் திரும்பினார். ரோட்டிலிருந்து கண்ணை எடுத்து, ஓட்டிக்கொண்டே, என்னைப் பார்த்தார். "புதன்கெழமை ஜீப் வந்துச்சுல்ல. ஆபீசுக்கே வந்தாக. வரலைன்னு சொல்லிட்டேன்."

நான் மிதிப்பதை விட்டுவிட்டேன். இருபது பல் சைக்கிள் உடனே பின்தங்கியது. அவரும் மிதிப்பதை நிறுத்தி, நான் பக்கத்தில் வரும்வரை உருள விட்டார்.

"ஏன்?"

"ஏன்னா?"

"அங்கன ஒங்கள எல்லாரும் எப்படிக் கூப்பிட்டாக. பாத்தேனே நான்."

"நானும் பாத்தேன். மூணாவது வளைவுல ஒருத்தி பாறையில ஒக்காந்து நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு மூச்சு வாங்குனா. எந்திரிச்சு, ஒண்ணும் நடக்காத மாதிரி, எங்கூடயே நடந்தா. நான் பேசுறதக் கேக்கணும்னே நடந்தா." பெடலை ஒரு தடவை அழுத்தினார். "அங்கன போனா நீ அப்படியேதான் நடப்ப. வருசம் பூரா. கஷ்டம்னு வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லமாட்ட. நானே பேசாத ஆளு. வீட்டுல ரெண்டு பேரும் பேசாட்டி எப்படி?"

மடையான் கொக்குக் கூட்டம் ஒன்று வயலிலிருந்து எழுந்து, எங்களைத் தாண்டிப் போய், இன்னொரு வயலில் உட்கார்ந்தது. அதைப் பார்க்கிற சாக்கில் நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். ஒற்றைக் கையால் ஓட்ட எனக்குத் தெரியும். அவருக்கு இன்னும் வராது, அதனால் அவர் பார்த்துக்கொண்டு மட்டும் வந்தார்.

"அத்தைக்குத் தெரியுமா?" என்றேன்.

"இல்ல."

"எப்பச் சொல்லப் போறீக?"

"அத நீதான் சொல்லணும், டீச்சர்."

"நானா! என்னைய வெறகுக்கட்டையால அடிப்பாக."

"ஒன்னைய அடிக்க மாட்டாக. மருமகள்னா பாசம். என்னையத்தான் அடிப்பாக."

"வெக்கை ஒத்துக்கலன்னு சொல்றாகளே பாவம், அதுக்கு என்ன செய்ய?"

கோடையில் மூன்று மாதம் மேலே கொண்டுபோய் விடலாம், லைன் வீட்டில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்றார். அதை முதலில் சொல்லாதீர்கள், விரட்டுகிற மாதிரி இருக்கும் என்றேன். கேக் செய்து கொடுத்துவிட்டுச் சொல்லலாமா என்றார். கேக்கை எறிவார்கள் என்றேன். புங்கமரத்தைத் தாண்டினோம், நிற்கவில்லை. ஊர் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தன. வீடு போய்ச் சேரும்வரை ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டே வந்தோம். ஒன்றுகூட உருப்படியாக இல்லை.